முழு உருவமும் தெரியும்வரை அது மனிதன்தான்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஏற்காடு மலையில் எங்கள் நாகலூர் பக்கம் காலை எட்டு மணிக்கும் விடிந்த மாதிரி இருக்காது. பத்தடி தள்ளி நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடப் பனிக்குள் காணாமல் போய்விடும். அடுத்து காப்பி பழுக்கும், பறிப்புக்கு ஆட்கள் சரிவில் இறங்குவார்கள். அதே சரிவில்தான் காட்டுப்பன்றியும் காட்டுமாடும் நடமாடும். இப்படிப்பட்ட இடத்தில் யாராவது துப்பாக்கியோடு புகுந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பன்றித் தொல்லை தாங்கவில்லை என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டு, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்யவேண்டும். தோட்டக்காரரோ குத்தகைக்காரரோ துப்பாக்கி தூக்க அதில் இடம் கிடையாது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஆனாலும் மலையில் நாட்டுத் துப்பாக்கியே இல்லை என்று இங்கே பிறந்து வளர்ந்த யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் எங்கேயோ ஒரு சத்தம் கேட்கும். பட்டாசாக இருக்கும் என்று ஒருவர் சொல்வார், மற்றவர் பேசாமல் இருந்துவிடுவார். பொங்கல் சமயத்தில் முயலுக்குப் போகிற பழக்கமும் சேலம் மாவட்டத்தில் முழுசாக விட்டுப்போகவில்லை. போகிறவர்களை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் பனியிலும் இருட்டிலும் மனிதக் கண் என்னென்ன செய்யும் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அக்கா மகன் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அந்த ஊர்க் காட்டுக்குச் சொந்தமான பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மான்களை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டார்கள், அவை பெருகிக் காட்டையே மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் உரிமம் வாங்கியவர்கள் சுடலாம். உரிமத்துக்குப் படிக்கும்போது அவன் போனில் சொன்னது இன்னும் எனக்குக் காதிலேயே இருக்கிறது. "மாமா, இங்க துப்பாக்கியை விட நம்ம கண்ணைத்தான் முதல்ல சந்தேகப்படச் சொல்றாங்க."

அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஏழு விதிகள் உண்டு. நான்காவது விதி, சுடப்போவது என்ன என்று எள்ளளவும் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வது. ஐந்தாவது, குண்டு போகிற திசையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இதைக் கடைப்பிடிக்கிற முறையை அவன் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஓர் உருவத்தைப் பார்த்ததும் 'இது மான், இல்லையென்று யாராவது நிரூபிக்கட்டும்' என்று நினைக்கக்கூடாது. 'இது மனிதன்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். தலை, கழுத்து, உடம்பு, கால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்து, அது ஆணா பெண்ணா என்று சொல்லும் அளவுக்குப் பார்த்த பிறகுதான் மான் என்று முடிவு. ஒரு காது தெரிந்தால் போதாது. பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு, ஆடுகிற செடி, கொம்பு மாதிரி ஒரு கிளை, இதில் எதுவுமே போதாது.

காரணம், ஆசைப்பட்டுப் பார்க்கிற மனம் மிச்சத்தைத் தானே வரைந்துகொள்ளும். ராத்திரி முழுக்கப் பன்றிக்காகக் காத்திருப்பவனுக்கு அசைகிறதெல்லாம் பன்றிதான். அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே மூக்கும் முதுகும் அவன் கண்ணுக்குத் தெரியும். கூடவே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இப்போது விட்டால் ஓடிவிடும் என்று அவசரம் பிடித்துத் தள்ளும். அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நேர்கிறது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாற்பது வருஷம் காட்டில் திரிந்தவனுடைய மனமும் இதே வேலையைத்தான் செய்யும்.

2010இல் நியூசிலாந்தில் நடந்தது இது. காட்டில் கூடாரம் போட்டிருந்த ஒரு பெண் நெற்றியில் ஹெட்லேம்ப் மாட்டிக்கொண்டு பல் துலக்கிக்கொண்டிருந்தார். ராத்திரியில் பெரிய விளக்கடித்து மான் தேடி வந்த கூட்டம் அந்த வெளிச்சத்தை மானின் கண் என்று நினைத்தது. சுட்டார்கள், அந்தப் பெண் இறந்துபோனார். அந்த நாட்டில் பொதுக்காடுகளில் இப்படி விளக்கடித்து வேட்டையாடவே அனுமதி கிடையாது.

அங்கே மான் என்று நினைத்துச் சுடப்பட்டவர்களில் பலர் சுட்டவரோடு சேர்ந்து கிளம்பியவர்கள்தான். இது எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. இருவரும் ஒரே மானைத் தேடி ஒரே பள்ளத்தைச் சுற்றி வருகிறார்கள், நடுவில் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறைகிறார், பிறகு எதிர்பாராத பக்கத்திலிருந்து முளைக்கிறார். அதனால் கூட்டாளி எங்கே என்று தெரியாத நொடியிலிருந்து வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அவரை மறுபடி கண்ணால் பார்க்கும்வரை தோட்டாவே உள்ளே இருக்கக்கூடாது. சத்தத்தையும் நம்பக்கூடாது. மார்ச், ஏப்ரலில் கலைமான் கத்துகிற பருவத்தில் வேட்டைக்காரர்களும் அதே மாதிரி கத்தித்தான் அதை வரவழைப்பார்கள். பதிலுக்குக் கத்துவது மானாகவும் இருக்கலாம், இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம்.

சரி, நம் மலைக்கு வருவோம்.

இருட்டில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இங்கே நிறைய. மாடு, ஆடு, மான், நாய், பூனை இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது, அதனால்தான் கண் மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. அதாவது, ராத்திரியில் நம் ஆட்கள் எதைத் தேடிப் போகிறார்களோ அதுவும் மனிதனும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான், மின்னாத கண்ணோடு தாழ்வாக அசைகிற ஒரு கறுப்பு. அப்படியே மின்னினாலும், அது வீட்டு ஆடாக இருக்கும், பின்னாலேயே கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஆள் நிற்பார்.

பகல் பனியில் இன்னொரு ஆபத்து. காட்டுமாட்டுக்கு உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டது மாதிரி வெள்ளை. இப்போது நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மார்கழிக் காலையில் வெளியே வருவதை நினைத்துப் பாருங்கள். தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை கறுப்புக் கம்பளி, அதற்குக் கீழே வெள்ளை வேட்டி. சுள்ளி பொறுக்கக் குனிந்திருக்கிறார். பனிக்குள் மேலே கறுப்பு, கீழே வெள்ளை. நானே எங்கள் மேட்டிலிருந்து பார்த்து, அசைகிறவரைக்கும் எது என்று சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். பனி தூரத்தையும் மாற்றிக் காட்டும். மங்கலாகத் தெரிவதைக் கண் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், தூரத்தில் இருந்தும் இவ்வளவு பெரிதா என்று உருவத்தையும் பெரிதாக்கிவிடும். பக்கத்தில் நிற்கிற நாய் கன்றுக்குட்டியாகத் தெரிவது இதனால்தான்.

காப்பிச் செடிக்கு அடியில் பழம் பொறுக்குகிற பெண்ணின் உருவமும் அப்படித்தான். குனிந்த முதுகு மட்டும் செடிக்கு மேலே தெரியும், அதுவும் பழைய ஆண் சட்டை போட்ட முதுகு. சருகுச் சத்தத்தைக் கேளுங்கள் என்பார்கள். காய்ந்த சில்வர் ஓக் இலையில் நாலு தவிட்டுக்குருவி கிளறினாலே பன்றி வருகிற மாதிரி சத்தம் எழும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகள் பலவற்றில் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை போடுகிறார்கள். மானுக்கு அந்த நிறம் எடுத்துத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். இங்கே திருட்டுத்தனமாகப் போவதால் எல்லாமே தலைகீழ். கறுப்புச் சட்டை, விளக்கு கிடையாது, பேச்சு கிடையாது, ஒருவரையொருவர் கூப்பிடுவதும் கிடையாது. வனத்துறையின் கண்ணில் படக்கூடாது என்று செய்கிற ஒவ்வொன்றும் கூட வந்தவனின் கண்ணில் அவனை விலங்காகக் காட்டுகிறது. இந்த வேட்டையைப் பாதுகாப்பாகச் செய்ய வழியே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கருவிகள் காப்பாற்றும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பனியில் பெரிய டார்ச் அடித்தால் வெளிச்சம் நீர்த்துளியில் பட்டுத் திரும்பி முகத்திலேயே அடிக்கும், எதிரே வெள்ளைச் சுவர்தான். நெற்றியில் மாட்டுகிற விளக்கு இதில் இன்னும் மோசம், அது கண்ணுக்கு நேர் மேலேயே இருக்கிறது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும், நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் பழகினதெல்லாம் போச்சு. தெர்மல் கேமரா சூட்டைக் காட்டும். ஆனால் செடிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிற சூடு யாருடையது என்று சொல்லாது, அடர்ந்த பனியில் அதன் பார்வையும் சுருங்கும். அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அது உதவும். ரைபிளின் மேலேயே பொருத்தியிருக்கிற ஸ்கோப் என்ற தொலைநோக்கி வழியாகப் பார்த்து என்னவென்று தெரிந்துகொள்வதை அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அறவே கூடாது என்றார்களாம். இன்னதென்று தெரியாத ஒன்றின் மேல், அது மனிதனாக இருக்கும்போதே, துப்பாக்கியை நீட்டியாகிவிட்டது. அதற்குத்தான் கழுத்தில் பைனாகுலர்.

கண்டுபிடித்தது சரியாகவே இருந்தாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? சின்ன .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் மலையில் சரிவுக்குக் கீழே இன்னொரு தோட்டம், அதற்குக் கீழே ரோடு, ரோட்டில் பனியில் விளக்குப் போட்டு மெதுவாக ஏறுகிற பஸ். பனி அதையெல்லாம் மறைத்துவிட்டு, பின்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டும்.

பனி இறங்கினால் அக்கா மகனும் அவன் நண்பர்களும் தோட்டாவைக் கழற்றிவிட்டுக் குடிலில் உட்கார்ந்துவிடுவார்கள். விடுமுறை எடுத்து, காசு செலவழித்து, அவ்வளவு தூரம் போயும் சுடாமலே திரும்பிய தடவைகள் உண்டு. அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இல்லாதது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் காவலுக்குத் துப்பாக்கி கிடையாது. தகரம் தட்டுவது, வெடி போடுவது, விளக்குக் கட்டுவது, அவ்வளவுதான். பறிப்புக்கு வருகிறவர்களுக்கு ஒளிரும் பட்டை வைத்த ஆரஞ்சு மேல்சட்டை சேலத்தில் வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். வேட்டைக்காக மட்டுமில்லை, பனியில் ரோட்டோரம் நடப்பவர்களுக்கும் அது வேண்டும். கம்பளிக்கு மேலே போட்டுக்கொள்ளும்படி பெரியதாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளே போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெறும் ஆரஞ்சுத் துணி இருட்டில் தெரியாது, பட்டை கட்டாயம் இருக்கவேண்டும்.

இன்னொன்றை இந்த மலையின் இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். யாருக்காவது குண்டு பட்டுவிட்டால் வழக்கு வரும் என்று பயந்து அவரைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டு ஓடாதீர்கள், வீட்டில் ஒளித்து வைத்து மஞ்சள் பத்துப் போடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து ரத்தம் வருகிற இடத்தில் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்து, எந்த ரோடு, எந்தத் தோட்டத்து கேட் என்று சொல்லுங்கள், ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் போய் நில்லுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு, பனியில் ஆம்புலன்ஸ் வேகமாக இறங்க முடியாது. நீங்கள் யோசித்து நிற்கிற நேரம் முழுவதும் அவருடைய ரத்தத்தில்தான் கழிகிறது.