வாங்கின பதக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். போர்டில் ஆன்டிக்ஸ் என்று இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அது பழைய சாமான் கடைதான். சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை தேய்ப்பது. பித்தளை, செம்பு என்றால் புளி. எனாமல் தூக்கு, டிபன் கேரியர் என்றால் சோப்புத் தண்ணீர். பர்மா தேக்கு என்றால் எண்ணெய்த் துணி. இந்த மூன்றும் கைவந்ததும் தொழிலே கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தார்கள். பங்காளிகள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு தேசத்தில். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொண்டது போக, மிச்சத்தை இரண்டாங்கட்டில் குவித்து, மொத்தமாக ஒரு விலை பேசிக் கொடுத்துவிட்டார்கள். பர்மாக் கணக்கு எழுதிய பேரேடுகள் மட்டும் மூன்று சாக்கு இருந்தன. செல்லரித்தது போக மற்றதைப் பேப்பர்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டோம். தராசில் வைத்து நிறுத்தவன் நான்தான்.

பெரிய பித்தளை வெற்றிலைப் பெட்டி ஒன்றின் அடித்தட்டில், கறுத்த துணி சுற்றி அந்தப் பதக்கம் கிடந்தது. சிலுவை வடிவம். நாலு கைகளும் நுனியில் விரிந்து வளைந்திருந்தன. சிவப்பு நாடா, இரண்டு ஓரத்திலும் கருநீலக் கோடு. நாடாவுக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டிலும் இலைக்கொத்து வேலைப்பாடு. எல்லாம் அழுக்கேறிப் போய்ப் பித்தளை மாதிரி தெரிந்தது. பித்தளை என்றால் புளிதானே? புளியோடு கொஞ்சம் செங்கல் பொடியும் சேர்த்து அழுத்தித் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் வெள்ளை எனாமல் பளிச்சென்று வந்தது. வலப்பக்கக் கையின் நுனியில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. நடுவில் இருந்த கிரீடத்தின் பொன்னிறம் போய் வெள்ளி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் கை நின்றது.

முதலாளி திட்டவில்லை. பதக்கத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

எங்கள் கடைக்கு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வருவார். எதுவும் வாங்க மாட்டார். டீ குடிப்பார், பேப்பர் படிப்பார். அவர்தான் பார்த்தவுடனே சொன்னார். “தம்பி, இது டி.எஸ்.ஓ. சிப்பாய்க்குக் கொடுக்கிறதில்லை. படையை நடத்துறவனுக்குக் கொடுக்கிறது.”

டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் ஆர்டர். விக்டோரியா ராணி 1886-இல் ஏற்படுத்தியது. தொடக்கத்தில் தங்கத்திலேயே செய்தார்களாம். மூன்று வருஷத்துக்குள் வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தேய்த்து எடுத்தது அந்த முலாமைத்தான். பெரும்பாலும் மேஜரும் அதற்கு மேற்பட்டவர்களும்தான் வாங்குவார்கள். அபூர்வமாக ஒரு லெப்டினன்டுக்குக் கிடைத்தால், வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் மயிரிழையில் தவறிப்போனது என்று ராணுவத்தில் பேசிக்கொள்வார்களாம். முதல் உலகப் போரில், குண்டுச் சத்தமே கேட்காத அலுவலக அதிகாரிகளுக்கெல்லாம் இதைக் கொடுத்து முணுமுணுப்புக் கிளம்ப, 1917 முதல் எதிரியின் தாக்குதலுக்கு முகம் கொடுத்தவர்களுக்கே என்று இறுக்கினார்கள். 1993-க்குப் பிறகு களத்தில் தலைமை தாங்கியதற்கு மட்டும்தான்.

நம் ஆட்களும் வாங்கியிருக்கிறார்கள். 1945 தொடக்கத்தில் பர்மாவின் அரக்கான் கரையில் காங்காவ் என்ற இடத்தில் நடந்த சண்டையைச் சுபேதார் நேற்று நடந்தது போலச் சொல்வார். ஒரே பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள், மூன்றுக்கும் தலைவர்கள் இந்தியர்கள்: திம்மய்யா, தோரட், சென். மூவருக்கும் டி.எஸ்.ஓ. கிடைத்தது. திம்மய்யா பின்னால் இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதியானார். இப்போது நம் நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்லத் தக்கது 1980-இல் வந்த சர்வோத்தம் யுத் சேவா பதக்கம். கார்கில் போரின்போது மேற்கு விமானப்படைக் கமாண்டை நடத்திய ஏர் மார்ஷல் வினோத் பட்னிக்கு அது கிடைத்தது.

பின்பக்கத்தில் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தன. ஆறாம் ஜார்ஜ் அரசரின் முத்திரை. அந்தக் கடைசி ஐ, இந்தியாவின் சக்கரவர்த்தி என்பதற்காகப் போட்டது. நாம் விடுதலை வாங்கிய பிறகு செய்தவற்றில் அது கிடையாது. கீழ்ப் பட்டையின் பின்னால் 1945 என்று வருஷம் வெட்டியிருந்தது. அழுக்குக்கு அடியில் இருந்த அந்த எண் புளி போட்டதால்தான் தெரிந்தது என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. அரசாங்கம் டி.எஸ்.ஓ.வில் பெயர் வெட்டிக் கொடுப்பதில்லை. அடுத்த நாள் சுபேதார் தன் தாத்தாவின் பதக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ‘வடமேற்கு எல்லைப்புறம் 1936-37’ என்று மேலே பட்டை போட்ட சாதாரண வெள்ளி மெடல். விளிம்பைச் சுற்றி நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருந்தது. “பாத்தியா, சிப்பாய்க்குப் பேரு போட்டிருக்கான், கர்னலுக்குப் போடலை” என்றார். பெயரில்லாததால்தான் இந்தத் தொழிலில் டி.எஸ்.ஓ.வுக்குக் காகிதம் முக்கியம். கூடவே ஒரு கடிதமோ படமோ இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. ஒருவேளை காகிதம் இருந்திருக்கலாம், அந்த மூன்று சாக்கில். அதைப் பற்றி நானும் முதலாளியும் பேசிக்கொள்ளவே இல்லை.

முதலாளி வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார். பங்காளிகளில் ஒருவர், “எங்க ஐயா பர்மாவில் வாங்கின பதக்கம், தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சோம்” என்றாராம். வீட்டுக் குழந்தைகளிடமெல்லாம் ஐயா வெள்ளைக்காரனிடம் பதக்கம் வாங்கினவர் என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

மறுவாரம் ஆச்சி வந்தார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பேரன் கூட வந்து காரிலேயே உட்கார்ந்துகொண்டான். பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்.

“என்ன வருஷம் போட்டிருக்கு?”

“1945, ஆச்சி.”

“அவுக நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் வந்தப்பவே நடந்து ஊரு வந்து சேந்துட்டாக. சண்டையெல்லாம் ஓஞ்ச பொறகு, வரவேண்டிய பணத்தைப் பாக்க இன்னொரு நடை போனாக. அப்பக் கொண்டாந்ததா இருக்கும்.”

என் நாக்கு நுனியில் ஒரு கேள்வி இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். ஆச்சியே சொன்னார்கள். “அவுக கடையில மேலாளா இருந்தவுக. துப்பாக்கியத் தொட்டதில்லை. வாங்கினாகன்னா வாங்கினாகதான். யாரு வச்சு முழுகிப் போச்சோ. ஆம்பளைக கதை கட்டிட்டாக, நானும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அப்புறம் விரலை அந்தக் கை நுனியில் வைத்தார்கள். “இந்த மூலை எப்பப் போச்சு?”

“நான்தான் ஆச்சி. புளி போட்டுத் தேச்சேன்.”

“இதையுமா?” என்று சிரித்தார்கள்.

முதலாளி காசு வேண்டாம் என்றார். ஆச்சி கேட்கவில்லை. விற்ற சாமானைச் சும்மா திரும்ப வாங்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கமில்லை என்று சுருக்குப்பையைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு தொகையில் இருவரும் ஒத்துப்போனார்கள். பில் போடச் சொன்னார்கள். ‘பதக்கம் 1’ என்று எழுதினேன்.

“எனாமல் பின்னம்னும் சேத்து எழுது” என்றார்கள் ஆச்சி. எழுதினேன்.