அம்மை வீட்டில் படித்தது

மார்ச் 3
அக்கா பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, சின்னம்மை. தண்டையார்பேட்டையில் வெயில் ஏற ஆரம்பித்தாலே வேப்பிலை செருகிய வாசல்கள் கண்ணில் படும். இந்த முறை எங்கள் வாசல். முதுகில் ஒன்று சிவந்த புள்ளி, பக்கத்திலேயே நீர் கோத்தது, அதற்கடுத்தது பொருக்குத் தட்டத் தொடங்கியது.

அவனுக்கு விசிறிக்கொண்டே நோயெதிர்ப்பியல் பாடத்தைப் பிரித்தேன். கொப்புளம் தெரியும்போது வைரஸ் உள்ளே வந்து இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். அதற்கென்றே தயாராகும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பெருகி வர ஒரு வாரமாவது பிடிக்கும். அதுவரை ஈடுகொடுப்பவற்றில் முக்கியமானவை என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்கள்.

மார்ச் 4
அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஏண்டி, அது நல்ல செல்லையும் சேர்த்துக் கொன்னுடாதா?" என்றாள். இந்தத் துறையே சுற்றிவரும் கேள்வி அது.

நம் செல்கள் மேற்பரப்பில் முதல் வகை எம்.எச்.சி. என்ற, உள்ளே என்ன இருக்கிறது என்று டி செல்லுக்குத் தெரிவிக்கும் புரதத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். என்.கே. செல்லின் தடுப்பு ஏற்பிகள், அதாவது 'கொல்லாதே' என்று நிறுத்தும் உணர்வுப் புரதங்கள், அதைத் தொட்டால், கை வைக்காது. டி செல் கண்ணில் படாமலிருக்கப் பல வைரஸ்கள் அந்தப் புரதத்தை மேலே வரவிடாமல் அமுக்குகின்றன, அம்மை வைரஸும்தான். அங்கேயே மாட்டிக்கொள்ளவும் செய்கின்றன. புரதம் குறைந்தால் தடுப்பு தளரும். 1986-ல் ஸ்வீடனின் கிளாஸ் கேர்ரே குழு எலிகளின் புற்றுசெல்களை வைத்து இதைக் காட்டியது.

தடுப்பு தளர்ந்தால் மட்டும் போதாது. பாதிக்கப்பட்ட செல் மைக்-ஏ, மைக்-பி போன்ற புரதங்களை வெளியே நீட்ட வேண்டும், என்.கே.ஜி.2டி என்ற தூண்டும் ஏற்பி அவற்றைப் பிடிக்கும். இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்த பிறகே என்.கே. செல் விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் அந்த செல்லில் துளை போடுகிறது, அதைக் கொல்லும் கிரான்சைம் என்ற நொதி உள்ளே போகிறது.

மார்ச் 6
காய்ச்சல் விட்டது. இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அம்மை வைரஸின் உறவுக்காரன் சைட்டோமெகலோவைரஸ். அதன் யூ.எல்.16 புரதம் மைக்-பி-யை வெளியே விடாமல் செல்லுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. யூ.எல்.40 தரும் சின்னத் துணுக்கு எச்.எல்.ஏ.-ஈ என்ற மூலக்கூறை மேற்பரப்பில் நிறுத்துகிறது; அதைக் கண்டு என்.கே. செல்லின் தடுப்பு ஏற்பி ஏமாறுகிறது. இத்தனை மெனக்கெடுகிறது என்றால் அந்த செல்லுக்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! 1989-ல் பதிவான ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு என்.கே. செல்களே இல்லை. அம்மை அவளைச் சாவு விளிம்புக்குக் கொண்டுபோனது, அப்புறம் சைட்டோமெகலோவைரஸும் தாக்கியது. அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை படிக்க மனம் வரவில்லை.

மார்ச் 9
மாடி வீட்டு அண்ணன் எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று ஒரு பொடி கொடுத்தார். அன்போடு கொடுத்ததுதான். ஆனால் 'ஏற்றிக்கொண்டே போனால் நல்லது' என்ற எண்ணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களில் முதல் வகை இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் 12, 15, 18 எல்லாம் என்.கே. செல்லை முடுக்குகின்றன, டி.ஜி.எஃப். பீட்டா அடக்குகிறது. 2012-ல் வந்த எலி ஆய்வு ஒன்றில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தபோது என்.கே. செல்கள், மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் உதவி டி செல்களையே கொன்றன. வைரஸ் உடலில் தங்கிவிட்டது, ஆனால் எதிர்ப்பின் வேகத்தில் செத்திருக்க வேண்டிய எலி பிழைத்தது.

நாளை தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அடுத்து எழுத நினைப்பது என்.கே. செல்லின் ஏற்பிகள் சிலவற்றைத் தரும் கே.ஐ.ஆர். மரபணுக்களைப் பற்றி. அவை எத்தனை இருக்கும் என்பதே ஆளுக்கு ஆள் மாறும். அக்காவுக்கும் எனக்கும்கூட வேறாக இருக்கலாம்.