ஏர் ரைபிளுக்குள் ஒரு 'லொட்'

மார்ச் 2

துப்பாக்கியின் மரக் கட்டைக்குப் பூசிய கடைசி எண்ணெய் இன்று காய்ந்தது. இயந்திரப் பகுதியைப் பொருத்தித் திருகுகளை முடுக்கினேன். பழைய ஏர் ரைபிள் ஒன்றிலிருந்து எடுத்த இயந்திரம் அது. 4.5 மி.மீ. பெல்லட் (சிறு ஈயக் குண்டு), குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. கட்டை முழுக்க நான் செதுக்கியது.

தோளுக்குத் தூக்கினேன். 'லொட்'. இறக்கினேன். மறுபடியும் 'லொட்'.

சுட்டால் வேறு மாதிரிச் சத்தம். ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் போய் நிற்கும் 'டொப்' முடிந்த பிறகும் 'ங்ங்ய்ங்' என்று ஓர் அதிர்வு கன்ன எலும்பில் ஓடி அடங்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று இப்போதைக்குத் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாகவே தேடப் போகிறேன். ஆட்டினால் வருவதற்கு 'லொட்', சுட்டால் வருவதற்கு 'ஙொய்' என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3

குழலைத் திறந்து பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவது. ஆட்டிப் பார்ப்பதற்கும் அதே விதிதான்.

முதலில் திருகுகள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை இரண்டு பக்கமும் போகும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். முன்னால் அழுந்திய காற்று பிஸ்டனை நிறுத்தும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். ஒரே வெடியில் இந்த முன்பின் ஆட்டம் நடந்துவிடுவதால் திருகுகள் தானாகக் கழலும். முன்கைப் பக்கத்தின் இடது திருகு கால் சுற்று இறுகியது. அதன் தலைக்குக் கீழே மரம் நசுங்கி, வட்டமாகக் குழிந்திருந்தது. திருகு இறுகிய மாதிரி தெரிந்தாலும் அது பிடித்திருந்தது நசுங்கிய மரத்தைத்தான். குழிவான எஃகு வாஷர்கள் வைத்து, மரையில் நீல நிறப் பிடிபசை ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். தலையிலிருந்து வாஷர் வரைக்கும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

'லொட்' அப்படியே இருக்கிறது. ஆனாலும் இந்த வேலை எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

மார்ச் 5

தொலைநோக்கியைக் கழற்றினேன், மாற்றமில்லை. வார் மாட்டும் வளையத்தையும் எடுத்தேன், மாற்றமில்லை. குழல் மடங்கும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பிடித்து அசைத்துப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 8

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. கட்டையையும் இயந்திரத்தையும் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகக் காதருகே ஆட்டினேன். இரும்பு மௌனம். கட்டை 'லொட்'!

இத்தனை நாளும் இரும்பையே சந்தேகப்பட்டிருக்கிறேன். தோளில் படும் ரப்பரைக் கழற்றினேன். முன்பாரம் அதிகமாக இருந்ததால் எடை சமன் செய்ய, கட்டையின் பின்புறம் ஒரு துளை போட்டு ஈய உருளை ஒன்றை எபாக்ஸி பசையால் ஒட்டியிருந்தேன். இப்போது அந்த உருளை துளைக்குள் தளர்ந்து கிடந்தது. கட்டையைச் சாய்த்ததும் வழுக்கி வந்து விரலில் முட்டியது. பசை ஈயத்தோடு ஒட்டியபடி முழு ஓடாக வந்துவிட்டது. மரத்தை அது பிடிக்கவே இல்லை. துளையின் சுவரைத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு. கட்டைக்கு எண்ணெய் பூசியபோது துளைக்குள்ளும் இறங்கியிருக்கிறது, அதன் மேல்தான் பசையை ஊற்றியிருக்கிறேன். சுவரின் அடிப்பக்கத்தில் ஈயம் உரசி உரசி, பென்சில் தீற்றியது போலச் சாம்பல் நிறக் கோடு.

ஸ்பிரிட் தோய்த்த துணியால் துளையைத் துடைத்து, உப்புத்தாள் சுற்றிய குச்சியால் சுவரைச் சொரசொரப்பாக்கினேன். புதுப் பசை போட்டு உருளையை உள்ளே விட்டு, மிச்ச இடத்தில் தக்கை ஒன்றை அடித்து இறுக்கினேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் மற்ற வேலை.

மார்ச் 9

'லொட்' போய்விட்டது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் சத்தமில்லை. 'ஙொய்' மட்டும் இருக்கிறது. மற்றது அடங்கியதால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

மார்ச் 14

ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். குழல் மூடியிருக்கும் நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அழுத்தத்தோடுதான் உள்ளே உட்கார்ந்திருக்கும். பின்முனையைப் பிடித்திருக்கும் ஊசியைச் சும்மா தட்டி எடுத்தால் அத்தனையும் முகத்துக்கு நேராகப் பாயும். திருகுத் தண்டு வைத்த அழுத்துச் சட்டத்தில் துப்பாக்கியைப் பூட்டி, ஊசியை எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்தினேன். சட்டம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஸ்பிரிங்குக்குள் நுழைந்து அதை நேராகப் பிடித்திருக்கும் குழாயைத்தான் பார்க்க வந்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. மறுபக்கத்தில் பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தேன். ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.1 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் 13.3. இடைவெளி 0.8 மி.மீ. விடுபட்ட ஸ்பிரிங் இந்த இடைவெளியில் நெளிந்து குழாயில் மோதித் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் கட்டை வழியாகக் கன்னத்துக்கு வருகிறது.

தார் போன்ற கெட்டி கிரீஸை ஸ்பிரிங்கில் அப்பினால் சத்தம் அடங்கும், பலர் செய்வதும் அதுதான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தளர்ச்சி அங்கேயே இருக்கும், கெட்டி கிரீஸ் ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்து பெல்லட்டின் வேகத்தையும் குறைக்கும். குழாயையே புதிதாகச் செய்கிறேன்.

மார்ச் 21

நாள் முழுக்க லேத்தில் நின்றேன். கால் கடுக்கிறது, மனம் நிறைந்திருக்கிறது.

அசிட்டால் பிளாஸ்டிக் தண்டு. கடையும்போது வெள்ளை நாடா சுருண்டு சுருண்டு விழுகிறது. 14.3 வரைக்கும் வேகமாக இறக்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 0.05 மட்டும் சீவி, நிறுத்தி, ஸ்பிரிங்கை மாட்டிப் பார்த்தேன். 14.1-இல் கையால் முறுக்கினால் ஏறுகிறது, விட்டால் நழுவவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன். இத்தனை இறுக்கம் பிஸ்டனைத் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. ஸ்பிரிங் அழுந்தும்போது அதன் விட்டம் மிகச் சிறிது கூடும், அதனால் அழுத்தத்தில் தானே பிடி விடும். விரிந்து முடிகிற கடைசி நேரத்தில், துடிப்பு தொடங்க வேண்டிய இடத்தில், மறுபடி பிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

பிஸ்டனுக்குள் ஸ்பிரிங்கின் மறுமுனை உட்கார ஒரு தொப்பியும் கடைந்தேன். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அழுந்தி விரியும் ஸ்பிரிங் கொஞ்சம் சுழலவும் செய்யும், முனை சொரசொரப்பாக இருந்தால் உட்காரும் இடத்தை அரிக்கும்.

மாலிப்டினம் கிரீஸ் பிஸ்டனின் பக்கங்களில் மெல்லிய பூச்சாக மட்டும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீலுக்கு முன்னால் துளியும் வைக்கவில்லை. அங்கே காற்று நொடியில் அழுந்திக் கடுமையாகச் சூடாகும். பெட்ரோலிய கிரீஸ் இருந்தால் டீசல் இன்ஜினில் போலத் தீப்பற்றி வெடிக்கும். சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

மார்ச் 22

முதல் வெடியில் குழல் வாயில் லேசாகப் புகை, கூடவே ஒரு 'சட்'. எங்கோ ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்திருக்கிறது. ஆறாவது வெடிக்குள் அடங்கிவிட்டது. அப்புறம் 'டொப்', அவ்வளவுதான். கன்னத்தில் ஒன்றும் ஓடவில்லை. வெறுமனே டிரிக்கரை இழுத்துச் சத்தம் கேட்டுப் பார்க்க ஆசை வந்தது, இழுக்கவில்லை. பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது, நேராகச் சுவரில் மோதும்.

10 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் ஐந்து ஓட்டைகளை மூடக் கட்டைவிரல் தேவைப்பட்டது, இன்று சுண்டுவிரல் நுனி போதும். போட்டி அட்டையின் 10-ஆம் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அது இன்னும் ரொம்ப தூரம்.

50 வெடிக்குப் பிறகு திருகுகளின் வெள்ளைக் கோடுகளை விளக்கு வைத்துப் பார்த்தேன். மூன்றும் உடையாமல் நேராக இருக்கின்றன. இருநூறுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.