பழைய சினிமா போஸ்டரும் ஏலத்தில் வரும் இரண்டாவது ஆளும்

தாத்தாவின் இரும்புப் பெட்டியில் எம்.ஜி.ஆர். பட போஸ்டர் ஒன்று கிடைத்தது, இணையத்தில் ஏலம் விட்டால் லட்சம் வருமா என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதிவிடுகிறார்கள். லட்சமும் வரலாம், ஐந்நூறு ரூபாயோடும் நிற்கலாம். ஒரு போஸ்டரை ஒருவர் மட்டும் எவ்வளவு வெறியோடு விரும்பினாலும் ஏலத்தில் விலை ஏறாது. அதே வாரத்தில் அதே போஸ்டரைப் பார்த்துவிட்ட இன்னொருவர் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இபே மாதிரித் தளங்களில் நாம் போடுவது நம்முடைய உச்ச விலையை. நான் 300 டாலர் வரை போகத் தயார் என்று போட்டு வைத்தாலும், அடுத்தவர் 62 டாலரோடு நின்றுவிட்டால் எனக்கு அது 63 டாலருக்கு வந்து சேரும், ஏனென்றால் தளம் நமக்காக அடுத்தவர் விலைக்கு மேல் ஒரு படி மட்டுமே ஏற்றும், 25 முதல் 100 டாலருக்குள் இருக்கும் விலைக்கு அங்கே ஒரு படி என்பது ஒரு டாலர். மனதில் இருந்த 300 யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆக, ஜெயித்தவருடைய ஆசை விலையில் ஏறவே இல்லை, தோற்றவருடைய ஆசைதான் விலையானது. இது மண்டையில் ஏறிவிட்டால் வாங்குவது, விற்பது இரண்டிலும் பாதிப் பதற்றம் போய்விடும்.

நானே விற்றதைச் சொல்கிறேன். அறுபதுகளின் சிவாஜி படம் ஒன்றின் போஸ்டர் என்னிடம் இரண்டு இருந்தன, மடிப்பும் ஓரக் கிழிசலும் ஏறக்குறைய ஒரே அளவு. முதலாவது 140 டாலருக்குப் போனது. சில மாதம் கழித்துப் போட்ட இரண்டாவது 38-ஐத் தாண்டவில்லை. முதல் ஏலத்தில் தோற்றவர் பிறகு ஒருநாள், இன்னொரு பிரதி கிடைக்குமா என்று எனக்கே எழுதினார். இரண்டாவது ஏலம் நடந்ததே அவருக்குத் தெரியாது, அந்த வாரம் அவர் தளத்தின் பக்கமே வரவில்லையாம். நூறு டாலர் வித்தியாசம் போஸ்டரில் இல்லை, அவர் வராமல் போனதில் இருந்தது. (இபேயில் தோற்றவருக்கே அவர் கேட்ட விலையில் இன்னொரு பிரதியைக் கொடுக்க ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பிரதி வைத்திருப்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.)

பத்திரிகையில் வரும் பெரிய தொகைகளைப் பார்த்து இங்கே கணக்குப் போடக் கூடாது. 1931-இல் வந்த டிராகுலா படத்தின் போஸ்டர் 2017-இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,800 டாலருக்குப் போனது, உண்மைதான். அங்கே அந்த ரகத்துக்குப் பணத்தோடு காத்திருக்கும் கூட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நம் படங்களுக்கு இருக்கும் கூட்டம் சின்னது, அதுவும் நடிகர் வாரியாகப் பிரிந்து கிடக்கிறது, எம்.ஜி.ஆருக்காக வருபவர் ஜெமினி கணேசனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சரி, அந்தச் சின்னக் கூட்டமும் எதற்குக் காசு கொடுக்கிறது? முதல் வெளியீட்டின் போஸ்டருக்கு. நம் ஊரில் போஸ்டர் என்பது சுவரில் பசை தடவி ஒட்டுவதற்கென்றே அடித்த காகிதம், ஒட்டியதை மாடு தின்றது போக மீதியை மழை தின்றது. தப்பித்தது எல்லாம் ஒட்டாமல் போனவை: விநியோகஸ்தர் அலுவலகத்திலும் தியேட்டர் கிடங்கிலும் மடித்துக் கட்டிப் போட்டவை. சென்னையில் பட விநியோகஸ்தர்கள் இருந்த மீரான் சாகிப் தெருவில் அலுவலகங்களைக் காலி செய்தபோது எடைக்குப் போன காகிதத்தில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரியும். இதனால்தான் மடிப்புக் கோட்டைக் குறையாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை. 1962-ஆம் வருடப் போஸ்டர் என்று சொல்லி மடிப்பே இல்லாமல், சுருள் பிரித்தது போலப் பளபளவென்று ஒன்றைக் காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சிக்கல் மறுவெளியீட்டில் இருக்கிறது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் திரும்பத் திரும்ப ஓடின, ஓடிய போதெல்லாம் புதிதாகப் போஸ்டர் அடித்தார்கள். ஏலத்தில் ‘ஒரிஜினல் 1965’ என்று வருவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். போலி என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே தியேட்டருக்காக அடித்தவைதான், ஆனால் விலை வேறு. விற்பவருக்கே பல சமயம் வித்தியாசம் தெரியாது, படம் வந்த வருடத்தைக் கூகுளில் பார்த்துத் தலைப்பில் போட்டுவிடுகிறார்.

கண்டுபிடிக்க முதலில் பட்டத்தைப் பாருங்கள். தமிழ்ப் போஸ்டரில் நடிகரின் பெயர் தனியாக வராது, முன்னால் பட்டம் உட்கார்ந்திருக்கும், அந்தப் பட்டத்துக்கு ஒரு வயது உண்டு. எம்.ஜி.ஆர். 1972 வரை ‘புரட்சி நடிகர்’. கட்சி தொடங்கிய பிறகுதான் ‘புரட்சித் தலைவர்’. 1965-ஆம் வருடத்துப் படத்தின் போஸ்டரில் ‘புரட்சித் தலைவர்’ என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சிவாஜிக்கு ‘பத்மஸ்ரீ’ 1966, ‘செவாலியே’ 1995. போன வருடம் ஒருவர் கர்ணன் போஸ்டரை 1964 என்று போட்டு 150 டாலர் ஆரம்ப விலை வைத்திருந்தார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிவாஜியின் பெயருக்கு மேலே குட்டி எழுத்தில் ‘செவாலியே’. அந்தப் படம் 2012-இல் டிஜிட்டல் செய்து மறுபடி வந்ததே, அப்போது அடித்ததாக இருக்க வேண்டும். விற்பவருக்கு மரியாதையாக எழுதினேன், பதில் இல்லை, இரண்டு நாளில் விவரத்திலிருந்து வருடத்தை மட்டும் எடுத்துவிட்டார், விலை அப்படியே இருந்தது!

அடுத்தது கீழ் விளிம்பு. அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். இது அச்சகக்காரரின் ஆசையால் வந்ததில்லை, 1867-ஆம் வருட அச்சகச் சட்டம் அச்சடித்த தாளில் அதைப் போடச் சொன்னது. அந்த வரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் அடித்ததாக இருக்க வழியே இல்லை, அன்றைக்குத்தான் பின்கோடே வந்தது. வெறும் ‘சென்னை-2’ என்று இருந்தால் அவசரப்பட்டுப் பழசு என்று முடிவு செய்ய வேண்டாம், அப்படி எழுதும் பழக்கம் பின்னாலும் வெகுகாலம் தொடர்ந்தது. விற்பவர் போட்ட படத்தில் கீழ் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால் தனியாக ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடலாம்.

அப்புறம் எழுத்து. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தை விட்டன. சின்ன எழுத்தில் அடித்த வரிகளில் புது வடிவம் இருந்தால் போஸ்டர் அதற்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்கிறேன். தலைகீழாக இது வேலை செய்யாது, ஏனென்றால் படத்தின் பெயர் கையால் வரைந்தது, பழைய வரைவையே அப்படியே எடுத்து மறுவெளியீட்டுக்கும் அடிப்பார்கள், அச்சகங்களும் பழைய எழுத்தை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடவில்லை.

நிஜப் போலியும் உண்டு. பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் எடுப்பது. இதற்கு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் போதும். அச்சகத்தின் ஆப்செட் இயந்திரத்தில் அடித்தது என்றால் நிறப் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி, பூ மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். இன்க்ஜெட்டில் ஒழுங்கே இருக்காது, தூவிவிட்டது போலிருக்கும். இன்னும் பழைய கல்லச்சு லித்தோவில் ஓவியர் கையால் வரைந்த சொரசொரப்பு தெரியும், புள்ளி வலையே இருக்காது. புற ஊதா விளக்கு வாங்கினால் இன்னொரு சோதனையும் செய்யலாம்: இப்போதைய வெள்ளைக் காகிதத்தில் கலக்கும் பளிச்சிடும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், 1950-க்கு முந்திய காகிதம் மங்கலாகவே கிடக்கும். எல்லாம் கையில் வந்த பிறகு செய்யும் சோதனை என்பதால், திருப்பி எடுத்துக்கொள்ளாத ஆளிடம் விலை கூடிய எதையும் நான் ஏலம் கேட்பதில்லை.

ஏலம் கேட்கும்போது என் வழக்கம் எளிது. இந்த விலைக்கு மேல் போனால் போகட்டும் என்று தோன்றும் தொகையைத் தாளில் எழுதிவைத்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே தடவையாகப் போடுவேன். இபேயில் நேரம் முடிந்தால் முடிந்தது, யாராவது கடைசியில் கேட்டதற்காக நீளாது. முன்கூட்டியே போட்டால், இன்னொருவர் ஒவ்வொரு டாலராக ஏற்றி நம் வரம்பைத் துருவிக்கொண்டே இருப்பார். மனிதர்களுக்கு, தோற்றுக்கொண்டிருக்கிறாய் என்று தளம் சிவப்பில் சொன்னதும் ரோஷம் வந்துவிடும். பெரிய ஏல நிறுவனங்களில் கேட்கும்போது வாங்குபவர் கமிஷனை மறக்காதீர்கள், ஜெயித்த விலைக்கு மேல் 20 சதவீதமும் அதற்கு மேலும் சேரும்.

ஆள் வைத்து விலை ஏற்றுவதும் நடக்கிறது. பெயர்கள் மறைத்துத்தான் காட்டப்படும் என்றாலும், கேட்டவர் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது: புதுக் கணக்கு, இந்த ஒரு விற்பனையாளரிடம் மட்டுமே கேட்கிறது, எப்போதும் இரண்டாவதாகவே வருகிறது என்றால் எனக்கு அது போதும். முதலில் சொன்ன அந்த இரண்டாவது ஆளைத்தான் இவர்கள் பொய்யாக உண்டாக்குகிறார்கள்.

விற்பவர்களுக்கு: ஒரு டாலரில் ஆரம்பித்தால் கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. குறைந்தது இரண்டு பேராவது தேடுகிற படம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் செய்யுங்கள். யாரும் அறியாத படம் என்றால் ஏலமே வேண்டாம், நிலையான விலை போட்டு மாதக்கணக்கில் காத்திருங்கள். பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், டேப் ஒட்டியது, கறை, பூச்சி அரித்தது எல்லாம் அங்கேதான் தெரியும். கிழிசலைச் சரிசெய்கிறேன் என்று செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்தால் விலை செத்தது.

பணம் வருவதைவிடப் பொருள் போவதுதான் இப்போது தலைவலி. அமெரிக்கா 800 டாலருக்குக் கீழான பொருளுக்கு இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது, அந்தச் சமயம் நம் தபால் துறையும் அங்கே பார்சல் எடுப்பதை நிறுத்தி அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. மிகப் பழைய காகிதம் என்றால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலைப் பொருளுக்கு 100 வருடம், வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 வருடம் என்பது அதன் கணக்கு. நாற்பதுகளின் போஸ்டர் அந்த 75 வருட வரம்பை எட்டிவிட்டது, அதனால் தொல்லியல் துறையில் இது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்காமல் நான் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. அந்தக் காலத்துப் போஸ்டர் வைத்திருப்பவர்கள் முதலில் உள்ளூரில் கேட்டுப் பாருங்கள், சென்னையிலும் மதுரையிலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், தபால் செலவும் மிச்சம்.