மூட்டை வாங்குவது சுலபம், காப்பாற்றுவதுதான் வேலை

தட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ வாங்கிப் போடணும்?" என்றுதான். அது ஐந்து நிமிடக் கணக்கு. வாங்கிப் போட்டது ஆறு மாதம் கழித்தும் வாயில் வைக்கிற மாதிரி இருக்குமா என்பதை யாரும் கேட்பதில்லை. வீட்டு இருப்பு பெரும்பாலும் வீணாவது அங்கேதான்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 கிலோகலோரி வேண்டும். 400 கிராம் அரிசி அல்லது கோதுமை, 70 கிராம் பருப்பு, 30 மி.லி. எண்ணெய், 30 கிராம் சர்க்கரை சேர்ந்தால் அது வந்துவிடும். 30 நாளுக்கு 12 கிலோ தானியம், 2 கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு, எண்ணெய் ஒரு லிட்டருக்குள், சர்க்கரை ஒரு கிலோவுக்குள், உப்பு 150 கிராம். வேறு எதுவுமே கிடைக்காத நாளுக்கான கணக்கு என்பதால் தானியம் அதிகமாகத் தெரியும். உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றே அதன் மேல் தேதியை எழுதுங்கள். இரண்டு பாக்கெட் தீர்வதற்குள் விடை கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வைத்தால், நாலு பேருக்கு இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர். தண்ணீர் இல்லாவிட்டால் 12 கிலோ அரிசியும் அலங்காரத்துக்குத்தான்.

இனி வண்டு. அரிசிக் கூன்வண்டு வெளியிலிருந்து வந்து டப்பாவுக்குள் ஏறுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. பெண் வண்டு அரிசியில் துளையிட்டு முட்டை வைத்து, துளையையும் அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெயில் காலத்தில் ஒரு மாதம் சொச்சத்தில் வண்டாக வெளியே வரும். வாங்கியபோது சுத்தமாகத் தெரிந்த மூட்டை அடுத்த மாதம் ஊர்வது இதனால்தான். வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் வெளியே உள்ள வண்டை ஓரளவு விலக்கலாம். அரிசிக்குள் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யாது.

அதைக் கொல்ல நம்பகமான வழி குளிர். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த அரிசி மேல் காற்றிலுள்ள ஈரம் வியர்த்துப் படியும், அதுவே பூஞ்சணத்துக்கு அழைப்பு. அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள். வெயிலில் காய வைப்பவர்களுக்கு இதே பிரச்சினை மறுபக்கமாக வரும்: சூடாக அள்ளிப் போட்டு மூடினால் மூடியின் உட்புறம் நீர் கோர்க்கும். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும்.

டப்பாவை விளிம்பு வரை நிரப்புவது முக்கியம். காற்றுப் புகாத டப்பா தலை நிறைய இருந்தால், உள்ளே தப்பியிருக்கும் பூச்சி இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகும். பாதி காலியாக இருந்தால் அதற்குத் தேவையான காற்று தாராளமாக உண்டு. அதனால் ஒரு பெரிய டிரம்மைவிட, குலுக்கி நிரப்பிய பல சிறு பாட்டில்கள் மேல். ஒன்றைத் திறந்தால் மற்றவை அப்படியே இருக்கும். கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய வைத்த தடித்த தண்ணீர் பாட்டிலே போதும். மெல்லிய பாலித்தீன் பையைச் சில வண்டுகள் துளைத்துவிடும்.

முழுப் பயறுக்கு வருவது வேறு வண்டு. அது முட்டையைத் தோலின் மேலேயே ஒட்டும். பயறை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள், ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவைதான் முட்டை. வட்ட ஓட்டை தெரிந்தால் ஒரு தலைமுறை ஏற்கெனவே பறந்துவிட்டது. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு எல்லாப் பயறிலும் படும்படி புரட்டி வைத்தால் முட்டை பொரிவது பெருமளவு நின்றுபோகும். உடைத்த பருப்பில் இந்த வண்டுத் தொல்லை குறைவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிடங்குகளில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈரக்காற்று பட்டால் அது விடுவது பாஸ்பீன் வாயு. மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொல்ல அது போதும்.

ஈரத்தைச் சோதிக்க கருவி வேண்டாம். நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் பாதிக்கும் குறைவாகத் தானியம் போட்டு, இரண்டு மூன்று தேக்கரண்டி வறண்ட பொடியுப்பு சேர்த்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். அதை மூடி வைத்தால் புழுங்கிப்போகும், மறுபடி காய வையுங்கள். ஒட்டாமல் உதிர்ந்தால் வைக்கலாம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கழுவி வறுத்துச் சாப்பிடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை.

ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்கள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது இரும்புத்தூள், அது துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. 4 லிட்டர் பைக்கு 300 கன செ.மீ. திறனுள்ள ஒன்று போதும். அலுமினியம் பூசிய தடித்த பையில்தான் பலன், சாதாரண பிளாஸ்டிக் காற்றை மெல்ல உள்ளே விடும். உறையைப் பிரித்த கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். சர்க்கரையோடு போட்டால் கல்லாகிவிடும். ஈரமுள்ள எதனோடும் போடக் கூடாது: ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில்தான் பொட்டுலினம் கிருமி விஷம் சுரக்கும்.

நீண்ட நாளுக்கு எதை நம்பலாம்? வெள்ளை அரிசி, சர்க்கரை, உப்பு. தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் ஆறு மாதத்தில் சிக்கு வாடை தட்டும். முழுக்கோதுமை மாவும் அப்படியே, எனவே கோதுமையாக வைத்து அவ்வப்போது அரைப்பது நல்லது. எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது, சிறு அளவுகளாக, இருட்டில். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் முழுக்கொழுப்புப் பவுடரைவிடத் தாங்கும். பரண் எதற்குமே சரியான இடமில்லை, கூரைச் சூடு அத்தனையும் அங்கேதான் இறங்கும். தரையிலும் நேராக வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இருப்பு என்று தனியாக ஒன்றை ஒதுக்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாக வாங்கியது பின்னால் போகட்டும், பழசு முன்னால் வரட்டும், அன்றாடச் சமையல் முன்வரிசையிலிருந்தே நடக்கட்டும். வழக்கமாக வாங்கும்போது ஒரு பாக்கெட் கூடுதலாக எடுத்தாலே சில மாதங்களில் இருப்பு சேர்ந்துவிடும், கடையும் காலியாகாது. வீட்டில் யாரும் சாப்பிடாத பொருளை மலிவு என்று வாங்கினால் அது பின்வரிசையிலேயே காலாவதியாகும்.

பழைய பயறு எவ்வளவு வேக வைத்தாலும் கடிபடும். சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட இருந்ததன் விளைவு அது. ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் இளகும். எரிவாயுவும் தட்டுப்பாட்டில் சேரும் என்பதால் 8 மணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் இறக்கிப் போர்வையில் சுற்றி வைத்து வேக விடுகிற முறை பருப்புக்கும் பச்சைப்பயறுக்கும் ஒத்துவரும். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் கூடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப்புரதம் அழியும். அரைச்சூட்டில் வெந்த ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.