கிரிமினே நாடும் ஒகுதானி மறைவூரும்: இதுவரை கட்டியது

ஒரு கதைக்காக நான் உருவாக்கும் கிரிமினே என்ற கற்பனை மலைநாட்டின் நிலப்படம், நெல் கணக்கு, உப்பு வழி, அதன் நிஞ்சாக்கள் (ஒற்றர்கள்) வாழும் மறைவூரான ஒகுதானியின் ஊர்ப்படம் ஆகிய நான்கும் ஒரு நிலைக்கு வந்துவிட்டன. காலம் ஜப்பானின் 1570களை ஒட்டியது: துப்பாக்கி வந்துவிட்டது, நாட்டை ஒருவரே ஆளும் நிலை இன்னும் வரவில்லை. அடிப்படைக்கு மூன்று உண்மையான இடங்களை எடுத்துக்கொண்டேன். மலை சூழ்ந்த படுகையான இகா, அதன் வடக்கே உள்ள கோகா, வெடிமருந்துக்கு மூலப்பொருளான வெடியுப்புக்குப் பேர்போன கொகயாமா. மாயவித்தைகள் எதையும் இதுவரை சேர்க்கவில்லை. ஊர் சோற்றாலும் உப்பாலும் தன் காலில் நின்ற பிறகுதான் அவற்றுக்கு இடம்.

முதலில் மலைமுகடு. இன்றைய இகா, நபாரி நகர எல்லைகளைச் சேர்த்தால் சுமார் 690 சதுர கிலோமீட்டர். கிரிமினேயைச் சற்றுப் பெரிதாக, 36 கி.மீ. நீளமும் 28 கி.மீ. அகலமும் கொண்ட நீள்வட்டமாக வைத்தேன். சுமார் 790 சதுர கிலோமீட்டர் வரும். 1:100,000 அளவில் ஒரு ஏ3 தாளில் இது முழுதாக அடங்கும், ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். படுகையின் தரை 180 மீட்டர், சுற்றுமுகடு 700 முதல் 1,100 மீட்டர், உச்சி 1,240 மீட்டர். முகட்டுக் கோட்டை வரைந்து, ஆறுகளை இறக்கி, அதற்குப் பிறகே 100 மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடுகளைப் போட வேண்டும். கோடுகளை முதலில் போட்டால் ஆறு மலையேறும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோட்டின் கூர்முனை மேல்நீரோட்டத்தைப் பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். கற்பனை நிலப்படங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். நிஜமான மடிப்புகள் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, ஜப்பானிய நில அளவைத் துறையின் 1:25,000 படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கோட்டு இடைவெளி 10 மீட்டர்.

படுகை நீர் வெளியேற ஒரே வாய் வேண்டும். இகாவின் நீரைக் கிசு ஆறு மேற்கே தலைநகர்ப் பக்கம் கொண்டுபோவதுபோல, கிரிமினேயின் ஆறும் ஒரு குறுகிய மலையிடுக்கு வழியாக வெளியேறுகிறது. மற்ற வழிகள் மூன்று கணவாய்கள். ஆக, படை நுழைய நான்கே இடங்கள். இந்த நான்கும் பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் தீர்மானிக்கின்றன.

அடுத்தது நெல். ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர், அரிசியாக ஏறக்குறைய 150 கிலோ. ஒரு ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு. ‘தான்’ என்பது ஜப்பானிய நில அளவு; ஒரு தான் சுமார் 1,000 சதுர மீட்டர், அதன் சராசரி விளைச்சல் ஒரு கொக்கு. கிரிமினேயில் சமநிலம் 12 விழுக்காடு, அதில் பாதி வயல் என்று வைத்தால் சுமார் 4,700 ஹெக்டேர், அதாவது 47,000 கொக்கு. மேட்டுப்பயிரையும் விதைநெல்லையும் கூட்டிக் கழித்து மக்கள்தொகையை 45,000 என்று நிறுத்தினேன். பத்தாயிரம் கொக்குக்கு 250 வீரர்கள் என்ற வழக்கமான கணக்கில் இந்த நாடு நிறுத்தக்கூடிய நிலையான படை 1,200 பேர்கூட இல்லை. 1581இல் ஜப்பானை ஒன்றிணைக்க முனைந்த படைத்தலைவர் ஓடா நொபுனாகா இகாவுக்குள் அனுப்பிய படை 40,000க்கு மேல். நிஞ்சா ஏன் தேவை என்பதற்குத் தத்துவ விளக்கமே வேண்டாம். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். நேருக்கு நேர் நிற்க முடியாத நாடு, எதிரி புறப்படுவதற்கு முன்பே அவன் களஞ்சியத்தையும் கூட்டணியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நிலம் துண்டுதுண்டாக இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மண்கரை எழுப்பிய வீட்டோடு ஒரு சிறு போர்க்குடி. யாரும் மற்றவரை விழுங்கும் அளவுக்குப் பெரியவர் இல்லை. எனவே கிரிமினேக்கு மன்னர் கிடையாது, கூட்டவை உண்டு. இகாவின் கூட்டமைப்பு எழுதிவைத்த 11 விதிகளில், வேற்றுநாட்டுப் படை நுழைந்தால் ஊர்தோறும் மணி அடிக்க வேண்டும், 17 முதல் 50 வயதுவரை உள்ளவர்கள் களத்துக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. அதே சட்டகத்தைக் கிரிமினேக்கும் வைத்தேன். எல்லோரையும் திரட்டினால் 11,000 பேர் வரை வரலாம். ஆனால் நாற்று நடும் வாரங்களிலும் அறுவடையிலும் திரட்டினால் அடுத்த ஆண்டு பட்டினி. எதிரி அந்த வாரங்களைத்தான் தேர்ந்தெடுப்பான்.

உப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடல் இல்லாத நாட்டில் மிசோ என்ற சோயா விழுதும் ஊறுகாயும் உப்பை விழுங்கும். ஆளுக்கு ஆண்டுக்கு 10 கிலோ என்று வைத்தேன். மொத்தம் 450 டன், குதிரைக்கு 100 கிலோ வீதம் 4,500 சுமை. இதோயிகாவாக் கடற்கரையிலிருந்து மட்சுமோட்டோவுக்குப் போன சுமார் 120 கி.மீ. உப்பு வழி இத்தகைய தேவையில் பிறந்ததுதான். 1567இல் இமகாவா குடியினர் தகேதா ஷிங்கெனின் காய் நாட்டுக்கு உப்பை நிறுத்தியதும் இதே பலவீனத்தைக் குறிவைத்துத்தான். கிரிமினேயின் உப்பு கிழக்குக் கணவாய் வழியாக மட்டும் வருகிறது. அதனால் கிழக்கு அண்டை நாட்டோடு அது ஒருபோதும் முழுப்பகை கொள்ள முடியாது. நாட்டின் வெளியுறவுக் கொள்கை இப்படித்தான் தானாக எழுதப்பட்டது.

இனி ஒகுதானி. இதற்கு 1:5,000 அளவில் தனிப்படம். 1.8 கி.மீ. நீளமும் 350 மீட்டர் அகலமும் உள்ள பள்ளத்தாக்கு, உயரம் 640 மீட்டர். நூறு மீட்டருக்கு 0.6 பாகை என்று பார்த்தால் படுகையைவிட இங்கே 2.8 பாகை குளிர் அதிகம். நடவுக்காலம் சுருங்கும். ஓடைநீரை நேராக வயலில் விட்டால் நீர் நுழையும் மூலையில் கதிர் பிடிக்காது. வயலின் ஓரமாக நீண்ட வாய்க்காலில் சுற்றவிட்டு, வெயிலில் சூடேறிய பிறகே உள்ளே விட வேண்டும். படத்தில் அந்தச் சுற்றுவாய்க்கால்களை வரைந்ததும் பள்ளத்தாக்கு உடனே ஆள் வாழும் இடமாகத் தெரிந்தது. ஓடை, சரிவு, வீடுகள் போக வயல் 18 ஹெக்டேர். விளைச்சலைத் தானுக்கு 0.7 கொக்கு என்று குறைத்தால் 127 கொக்கு. குதிரைவாலி, தினை, பக்வீட் ஆகியவை 50 கொக்குக்கு ஈடு. மொத்தம் 177.

ஊரில் 240 பேர். பற்றாக்குறை 63 கொக்கு, அதாவது 9,450 கிலோ. ஒருவர் 40 கிலோ சுமந்தால் ஆண்டுக்கு 236 சுமை. யாருக்கும் தெரியாத ஊருக்கு ஆண்டுதோறும் இத்தனை சுமை ஒரே தடத்தில் போனால், அந்தத் தடத்தை ஒரு சிறுவன்கூடக் கண்டுபிடிப்பான். அருவிக்குப் பின்னால் வாசல், மூங்கில் காட்டுக்குள் கதவு என்று எத்தனை வைத்தாலும் அரிசி காட்டிக்கொடுத்துவிடும். மறைவூர் என்று எழுதப்படும் பெரும்பாலான ஊர்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

தீர்வு ஊரை இரண்டாக்குவது. வெளியூர் 150 பேர்: கரிமூட்டம் போட்டு விற்கும் சாதாரண மலையூர், வரிப்பதிவேட்டில் உள்ளது, யாரும் போய்ப் பார்க்கலாம். உள்ளூர் 90 பேர்: 2 கி.மீ. மேலே கிளைப்பள்ளத்தாக்கில், 15 வீடுகள். உள்ளூரின் சொந்த விளைச்சல் 45 கொக்கு, எஞ்சிய 45 வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆனால் வெளியூரின் உண்மை விளைச்சல் 132. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு 150 பேருக்கு 18 கொக்குதான் குறைகிறது என்று தெரியும். பிறகு ஏன் 63 வாங்குகிறார்கள் என்று கேட்பார். எனவே வெளியூர் தன் விளைச்சலை 45 குறைத்து 87 என்று காட்ட வேண்டும். அப்போது பதிவேட்டுப் பற்றாக்குறையும் 63, சந்தையில் வாங்குவதும் 63. கணக்கு ஒட்டிவிடுகிறது.

அந்த 45 கொக்கு விளையும் 64 ‘தான்’ அளவு நிலத்தை, அதாவது ஏறக்குறைய 6.4 ஹெக்டேர் வயலை அளவையாளரிடமிருந்து மறைக்க வேண்டும். மறைவு வயல்கள் ஜப்பானில் உண்மையாகவே இருந்தன, பிடிபட்டால் தண்டனை கடுமை. ஆனால் வயலில் மூன்றில் ஒரு பங்கை மலைமடிப்பில் ஒளிப்பது நம்பும்படி இல்லை. பாதியை ஒளித்து, மீதிக்கு நிலத்தின் தரத்தைத் தாழ்த்திப் பதியவைத்தேன். ஜப்பானின் பழைய நில அளவையில் வயல்கள் மேல், நடு, கீழ், கீழினும் கீழ் எனத் தரம் பிரிக்கப்பட்டன. அதே நிலத்தை ஒரு படி கீழே எழுத அளவையாளர் ஒருவரின் கை போதும். இங்கிருந்து ஒரு கதாபாத்திரம் பிறந்துவிட்டார்: ஒகுதானியின் மிக முக்கியமான நிஞ்சா வாள் பிடிப்பவர் அல்ல, பதிவேடு எழுதும் எழுத்தர்.

உள்ளூருக்குப் போகும் சுமை இப்போது ஆண்டுக்கு சுமார் 170, வாரத்துக்கு மூன்று நான்கு. ஓடையின் பாறைகள் மேல் ஒரு வழி, மூங்கில் தோப்பு வழியாக இன்னொன்று, மாற்றி மாற்றி. தடம் பதியாது.

புகை அடுத்த தொல்லை. கூரை வேய்ந்த அக்கால மலைவீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுவிலுள்ள இரோரி அடுப்பின் புகை வைக்கோலுக்குள் ஊறி, பூச்சியை விரட்டி, மெல்லக் கசியும். காற்றில்லாத குளிர்காலை வேளையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி, மேலே சூடான அடுக்கு மூடிபோல் நிற்கும்; 15 வீட்டுப் புகையும் அதன் கீழே தட்டையாகப் பரவி, முகட்டிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைத் துணி விரித்ததுபோல் தெரியும். உள்ளூரில் விடியற்காலை விறகு எரிக்கக் கூடாது, கரி மட்டும். அந்தக் கரி வெளியூரின் சூளையில் வேகிறது, அங்கே புகை எழுவது இயல்பு. தினைக்காகக் காட்டை எரிப்பதும் சுற்றுவட்டார ஊர்கள் எரிக்கும் அதே நாட்களில்தான்.

உள்ளூர் எதற்காக இத்தனை பாடுபடுகிறது? வெடியுப்புக்காக. கொகயாமாவின் முறையையே எடுத்தேன். அடுப்பின் இருபுறமும் தரைக்குக் கீழே ஆழமான குழி. அதில் மண், பட்டுப்புழுக் கழிவு, மாசிபத்திரி, பக்வீட் தண்டு என்று அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். அடுப்பின் வெதுவெதுப்பு இருப்பதால் நுண்ணுயிர்கள் பனிக்காலத்திலும் வேலையை விடாது. அவ்வப்போது கிளறி, புதிதாகச் சேர்க்க வேண்டும். முதல் மண்ணை எடுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். எடுத்த மண்ணில் நீர் ஊற்றி வடித்து, காய்ச்சி, மரச்சாம்பல் சேர்க்க வேண்டும். சாம்பலில் உள்ள பொட்டாசியம்தான் கால்சியம் நைட்ரேட்டை வெடிமருந்துக்கு ஏற்ற உப்பாக மாற்றுகிறது. சாம்பலை விட்டுவிட்டால் கிடைக்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசகசக்கும், வெடிமருந்துக்கு ஆகாது.

இந்த நான்கைந்து ஆண்டு கதைக்குப் பெரிய சொத்து. ஊர் எரிந்தால் வீடு ஒரு பருவத்தில் எழும், வெடியுப்பு எழாது. ஊரை விட்டு ஓடவும் முடியாது, ஏனென்றால் செல்வம் தரைக்கு அடியில் மண்ணாகக் கிடக்கிறது. பட்டுப்புழு வேண்டுமென்றால் மல்பெரி வேண்டும். 1:5,000 படத்தில் சரிவு முழுவதும் மல்பெரி நட்டாயிற்று.

பயண நேரத்துக்கு நெய்ஸ்மித் விதி: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. படுகைச் சந்தையான சகானேயிலிருந்து ஒகுதானிக்கு 14 கி.மீ., 900 மீட்டர் மேட்டைத் தாண்ட 720 மீட்டர் ஏற்றம். 2.8 கூட்டல் 1.2, சரியாக நான்கு மணி. சுமையோடு ஆறு, பனியில் அதற்கும் இரட்டிப்பு. எதிரி 5,000 பேரோடு ஒற்றை வரிசையில் வந்தால், ஆளுக்கு 2 மீட்டர் வீதம் வரிசை 10 கி.மீ. நீளும், தலை ஊருக்குள் நுழையும்போது வால் சகானேயிலிருந்து 4 கி.மீ.தான் வந்திருக்கும்.

மூடுபனியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலைநாடு என்றதும் எப்போதும் பனி சூழ்ந்திருப்பதாக எழுதத் தோன்றும். படுகைப் பனி அப்படி வராது. வானம் தெளிந்து காற்று அடங்கிய இலையுதிர்கால இரவில் தரை குளிர்ந்து உருவாகும், வெயில் ஏறினால் கலையும். கியோட்டோவை அடுத்த கமேயோகா இதற்குப் பெயர்பெற்றது. முகடுகள் பனிக்கு மேலே துலக்கமாக நிற்கும், படுகை மறைந்துவிடும். ஆகவே முகட்டிலிருந்து முகட்டுக்குப் புகைச்சைகை போகும், ஆனால் படுகையில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஏழு சைகைமேடுகளை 6 முதல் 8 கி.மீ. இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு இணைக்கும் குறுக்குவெட்டு வரைந்து நடுவில் எந்த முகடும் மறைக்கவில்லை என்று உறுதிசெய்தேன். கடைசி மேட்டிலிருந்து கீழே செய்தி இறக்கச் சங்கும் கோயில் மணியும்.

மாறுவேடங்களுக்கு 17ஆம் நூற்றாண்டு நிஞ்சாக் கையேடு சொல்லும் ஏழில் நான்கு போதும்: மலைத்துறவி, வணிகர், கூத்தர், சாதாரண ஆள். மலைத்துறவி மருந்து விற்றுக்கொண்டே கணவாய்களைக் கடக்கலாம். கோகாவின் மருந்துத் தொழிலுக்கும் இந்த வேர் உண்டு.

அடுத்துச் செய்ய வேண்டியது பனிக்கால முற்றுகைக் கணக்கு. கிழக்குக் கணவாய் பனியால் மூடும் மூன்று மாதங்களுக்கு நாட்டுக்கு 112 டன் உப்பு முன்கூட்டியே இருக்க வேண்டும். அதைக் கூட்டவை எந்தக் கோயில்களில் பிரித்து வைக்கிறது, சாவி யாரிடம் என்பது முடிவாகவில்லை. நான்கு நுழைவாய்களுக்கும் நான்கு கோயில் என்றால் காவலுக்கு எளிது, ஆனால் ஒன்று வீழ்ந்தாலே கால்பங்கு போய்விடும். படுகையின் நடுவே 12 சிறு களஞ்சியங்கள் என்ற மாற்று இப்போது படத்தில் பென்சிலால் இருக்கிறது.