கிட்டாரின் கரகர சத்தமும் ஒரு கறுப்பு ஒயரும்

மூன்று வாரமாகவே என் கிட்டாரில் பழுதின் அறிகுறி இருந்தது. உட்கார்ந்து வாசித்தால் ஒன்றும் தெரியாது. ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றால் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும். கேபிளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சியில், இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டாரின் ஒலியே முழுதாக நின்றுபோனது. மறுநாள் ஆராதனை.

அடுத்த வாரம் கடைக்குக் கொண்டுபோனேன். "ப்ரீஆம்ப் போயிடுச்சு சார், செட்டா மாத்தணும்" என்றார் கடைக்காரர். ப்ரீஆம்ப் என்பது கிட்டாருக்குள்ளேயே இருந்து ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னப் போர்டு. அவர் கிட்டாரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாகக் கூடவே இருக்கும் கிட்டார். ஒரு தடவையாவது நானே பார்த்துவிட்டுத்தான் அந்தச் செலவைச் செய்வது என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

முதலில் திறக்காமலே பார்க்கக்கூடியவை. வேறு கேபிள், வேறு ஆம்ப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் கிட்டார் ஒலி வரவில்லை. பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 9.1 வோல்ட். புது 9 வோல்ட் பேட்டரி 9.5 வரை காட்டும். 7க்கு இறங்கினால் நான் மாற்றிவிடுவேன். இது நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி கிளிப்பில் லேசாகப் பச்சை பூத்திருந்தது, கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இது சகஜம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்தேன். அப்போதும் ஒலி வரவில்லை.

அப்புறம்தான் சுருதி காட்டும் ட்யூனர் ஞாபகம் வந்தது. என் கிட்டாரின் ப்ரீஆம்பில் இருக்கும் ட்யூனர் கேபிள் செருகாமலே வேலை செய்யும். பட்டனை அழுத்தி ஆறாவது கம்பியை மீட்டினேன். விளக்கு எரிந்தது, 'ஈ' (E) சுரம் என்று காட்டியது, முள்ளும் அசைந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி! ட்யூனருக்கு ஒலி போவது, கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடிலுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பட்டை (பிக்கப்) வழியாகத்தான். அப்படியென்றால் பிக்கப் உயிரோடு இருக்கிறது, பேட்டரி லைன் போர்டு வரை வருகிறது, போர்டில் ட்யூனர் பகுதியாவது வேலை செய்கிறது. பழுது பெரும்பாலும் அதற்கு அப்பால், கேபிள் செருகும் ஜாக் பக்கம்.

ஜாக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிட்டாரின் அடியில் ஸ்ட்ராப் மாட்டும் குமிழும் ஜாக்கும் ஒன்றாக இருக்கும் வகை என்னுடையது. நாம் செருகும் கேபிள் மோனோ, அதன் பின்னில் நுனியும் உடலும் மட்டும்தான். ஆனால் உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக், அதற்கு ஒயர் பற்றவைக்கும் மூன்று கால்கள். நுனிக்கு ஒன்று, அதில் ஒலி வருகிறது. உடலுக்கு ஒன்று, அது எர்த். நடு வளையத்துக்கு ஒன்று, அதில் பேட்டரியின் மைனஸ் ஒயர் வந்து சேர்கிறது. மோனோ பின் உள்ளே போனதும் அதன் நீளமான உலோக உடல் நடு வளையத்தையும் எர்த்தையும் சேர்த்துத் தொடும், ப்ரீஆம்ப் ஆன் ஆகிவிடும். ஜாக்தான் ஸ்விட்ச், ட்யூனருக்கு மட்டும் அதன் பட்டன். வாசித்து முடித்ததும் கேபிளை உருவி வைக்கச் சொல்வது இதனால்தான். செருகியபடியே விட்டால் பேட்டரி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, ப்ரீஆம்பின் நான்கு திருகுகளைக் கழற்றி, ஜாக்கிலிருந்து வரும் சின்ன பிளக்கை உருவினேன். வெளி நட்டைக் கழற்றி ஜாக்கை உள்ளே தள்ளி, ஒலித்துளை வழியாகக் கையை விட்டு வெளியே எடுத்தேன். மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது: மூன்று ஒயரும் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக் கிடந்தன. கறுப்பு ஒயரின் செம்பு இழைகள் காலின் ஓரத்தில் அறுந்து, ஒரே ஒரு இழை மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றது. எர்த் காலில் இருந்த ஈயம் பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில், விரல் பட்டதும் ஆடியது. நட் தளர்ந்தபோதெல்லாம் குறடு வைத்து வெளியிலிருந்தே முறுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஜாக் முழுதாக உள்ளே சுற்றி ஒயர்களை இழுத்திருக்கிறது.

ஜாக்கை மாற்றிவிடலாம் என்று சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு போய் ஸ்டீரியோ ஜாக் கேட்டேன். கிடைத்ததெல்லாம் குட்டைக் கழுத்து, கிட்டாரின் அடிக்கட்டை கனத்துக்குப் போதாது. பழையதன் தகடுகள் இன்னும் விறைப்பாகவே இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். கிட்டாரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் பாலிஷ் போய்விடும். எந்த ஒயர் எந்தக் காலில் என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஒயரை 3 மில்லிமீட்டர் உரித்து முனைக்கு ஈயம் பூசினேன். அப்புறம் காலைச் சூடாக்கி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் காலில் வைத்தேன். இரண்டு மூன்று விநாடியில் உருகி, ஒயரைச் சுற்றிப் பளபளவென்று பரவியது. அதற்கு மேல் சூடு காட்டினால் கால்களுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் இளகிவிடும்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு சோதனை. மோனோ பின் செருகியிருக்கும்போது நடுக்காலுக்கும் எர்த்துக்கும் பீப் வரவேண்டும். பின்னை உருவினால் வரக்கூடாது. உருவிய பிறகும் பீப் வந்தால் ஈயம் இரண்டு காலையும் சேர்த்துப் பாலம் போட்டிருக்கிறது என்று அர்த்தம், பேட்டரி சும்மா இருக்கும்போதே தீரும்.

ஜாக்கைத் திரும்ப அதன் ஓட்டைக்குக் கொண்டுவருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஜாக்கின் கழுத்தில் குறுக்காக ஒரு சின்னத் துளை இருக்கும். மீன்பிடி நரம்பை வெளியிலிருந்து ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஒலித்துளையில் பிடித்து, அந்தத் துளையில் கோத்துக் கட்டி இழுத்தேன். வந்து உட்கார்ந்துவிட்டது. நரம்பை எடுத்துவிட்டு அதே துளையில் ஒரு மெல்லிய ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினேன். இந்தத் தடவை ஜாக் சுற்றவில்லை.

கம்பிகளை முழுதாகக் கழற்றாமல் விட்டிருந்தால் இன்னொன்று தெரியாமலே போயிருக்கும். முதல் கம்பி கொஞ்ச நாளாகவே ஆம்பில் சன்னமாகக் கேட்டது. கையோடு சேடிலைத் தூக்கிப் பார்த்தேன். பீசோ பட்டையின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. சேடிலின் அடி நடுவில் லேசாகப் புடைத்திருந்ததால் ஓரம் சரியாக அழுந்தவில்லை. கண்ணாடி மேல் 220 நம்பர் உப்புத்தாளை விரித்து, சேடிலை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை இழுத்தேன். அதிகம் தேய்த்தால் கம்பிகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் இடிக்கும். பட்டையை மட்டும் வளைக்காமல், தூரிகையால் தூசியைத் தட்டினேன்.

புதுக் கம்பி போட்டு, கேபிளைச் செருகி, வேண்டுமென்றே எழுந்து நின்று இடுப்பை அசைத்து ஜி கார்டு அடித்தேன். ஆறு கம்பியும் சமமாகக் கேட்டன. கரகரப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழுவில் இன்னொரு கிட்டார் வாசிக்கும் தம்பி வந்தான். "அண்ணா, என்னோடதுல வாரத்துக்கு ஒரு பேட்டரி தீருது. கேபிளை உருவித்தான் வைக்கிறேன்." மல்டிமீட்டர் பையிலேயே இருந்தது. மேடை ஓரத்திலேயே கிட்டாரை மடியில் கிடத்தி, ஜாக்கைத் திறந்தோம்.